அப்புத்துரையரின் அபூர்வ வகை

தகப்பனுக்குக் குளத்துக்குக் கீழே வயல் கிடைத்து வன்னியிலுள்ள தர்மபுரத்துக்கு வந்தபோது அப்புத்துரையருக்கு மீசை முளைத்திருக்கவில்லை. வடமராட்சியிலிருந்து லொறியில் வந்த சாமான்களோடு ஒரு நெல்லுப்பெட்டியும், சாமிப்படங்களும், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்ற விதியும் வந்தன. நெல்லுப்பெட்டியைக் கறையான் தின்றது. சாமிப்படங்கள் இடம்பெயர்வில் தொலைந்தன. விதிக்கு ஒரு கீறலும் விழவில்லை.

போர் முடிந்து முகாமில் அடைபட்டிருந்தபோது எல்லோரும் ஒரே பவுசர் வண்டியில்தான் தண்ணீர் பிடித்தார்கள். அங்கேயும் அவர் தனக்கென்று ஒரு செம்பை ஒளித்து வைத்திருந்தார். மகளின் கைக்குழந்தைக்குப் பால்மா கிடைக்காத நாளிலும் செம்பு பத்திரமாக இருந்தது.

மீளக் குடியமர்ந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அவருடைய காணி ஓரத்தில் பொதுக்கிணறு வெட்டியது. நிலம் கொடுத்தவர் என்று கிணற்றுக்கட்டில் அவர் பெயரைப் பொறித்தார்கள். அந்த எழுத்துகளை அவர் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவுவார். கிணற்றோடு ஒட்டியிருக்கும் தன் மாட்டுக்கொட்டிலைக் கழுவ நேரம் கிடைப்பதில்லை.

எதிர்க் காணியில் ஜோசப்பின் குடிவந்தாள். முல்லைத்தீவுக் கரைக்காரி. கணவன் கொலின்ஸ் மோட்டார்சைக்கிளில் மீன் விற்பவன். அவனிடம் அப்புத்துரையர் பாரை மீன் விரும்பி வாங்குவார். கொலின்ஸ் தொட்ட மீன் சட்டியில் கொதித்ததும் சுத்தமாகிவிடும். தண்ணீரையும் கொதிக்க வைக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு வெயில்காலத்தில் ஜோசப்பினின் குழந்தை ஆன்சலாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. சில நாட்களில் அப்புத்துரையரின் பேரன் விதுசனுக்கும் கண்டது. இரண்டும் ஒரே வார்டில் சேலைன் ஏறிக் கிடந்தன. வன்னிப் பிள்ளைகளுக்கு றோட்டா வைரஸில் எந்தெந்த வகைகள் வருகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் சுமித்திரா என்ற வைத்தியர். மற்றத் தாய்மார் பிள்ளைகளின் மல மாதிரியைக் கூசிக் கூசிக் கொடுத்தார்கள்; விதுசனுடையதை அப்புத்துரையர் தானே எடுத்துப்போய் நீட்டினார்.

“வடிவாப் பாருங்கோ டொக்டர். இது அவையின்ர பிள்ளையிட்ட இருந்து வந்ததெண்டு எழுதித் தாங்கோ.”

“என்ன வகையெண்டு பார்க்கிறதுதான் என்ர வேலை, ஐயா.”

“எனக்கும் அந்த வகைதான் வேணும்.”

பிள்ளைகள் இரண்டும் சுகமாகி வீட்டுக்கு வந்தன. மறுநாள் கிணற்றடி வேலிப் படலையில் அப்புத்துரையரின் பூட்டுத் தொங்கியது. ஜோசப்பின் கிராம அலுவலரான விதானையாரிடம் போனாள். “டொக்டரின்ர முடிவு வரட்டும் பிள்ளை. வயித்தோட்ட வருத்தம் உங்கட பக்கத்தால வரேல்லையெண்டா, நானே நிண்டு பூட்டைத் திறப்பிக்கிறன்” என்றார் விதானையார். ஒன்றும் செய்யாமலிருக்க அவருக்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்தது.

ஜோசப்பின் ஆன்சலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் குழாயடியிலிருந்து கான் கானாகத் தண்ணீர் சுமந்தாள். வாய்க்கால் வற்றிவிட்டது. அப்புத்துரையர் கதிரையைப் போட்டு அமர்ந்து, வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தொல்லை தாங்காமல் சுமித்திரா நேரில் வந்தார். விதானையாரும் வந்தார். இரண்டு வீட்டாரும் சம்மதித்ததால் கிணற்றடியிலேயே சுமித்திரா முடிவைச் சொன்னார்.

“ரெண்டு பிள்ளையளுக்கும் றோட்டா வைரஸ்தான். ஆனா வகை வேற. ஒராளிட்ட இருந்து மற்றாளுக்கு வரேல்லை.”

“பார்த்தியளோ! எங்கட வேற, அவையின்ர வேற. நான் அண்டைக்கே சொன்னனான்.”

“ஐயா, நீங்கள் சொன்னது அதில்லையே. ஆன்சலாவுக்கு வந்தது வழக்கமாச் சின்னப் பிள்ளையளுக்கு வாறது. விதுசனுக்கு வந்தது அபூர்வமான வகை.”

அப்புத்துரையர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். “அபூர்வம்” என்று விதானையாரைப் பார்த்துச் சொன்னார்.

“மாடுகளில காணுற வகையோட ஒத்துப்போகுது. உங்கட கொட்டில்ல இருந்து வந்திருக்கலாம். கொட்டிலைக் கிணத்தடியில இருந்து தள்ளிக் கட்டுங்கோ. கை கழுவுங்கோ. இந்தப் பூட்டுக்கு ஒரு தேவையுமில்லை.”

ஜோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மாட்டின்ரயாம், ஐயா.”

“எங்கட வீட்டு மாடுதானே. வெளியால இருந்து ஒண்டும் வரேல்லை.”

அவருடைய மனைவி இராசமலர் குசினி வாசலில் நின்றவாறு தலையிலடித்துக்கொண்டாள். “இஞ்சேருங்கோ, உதுவும் ஒரு பெருமையே?”

விதானையார் சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டி வந்தது. திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்தார். ஊரெல்லாம் அப்புத்துரையர் வழக்கில் தோற்றார் என்று பேசிக்கொண்டது. ஊர் அவரைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் ஜோசப்பின் குடத்தோடு வந்தபோது கிணற்றடியில் இரண்டு வாளிகள் இருந்தன. கப்பிக்குக் கீழே புதிய நீல வாளி. தூரத்தில், வேலியோரமாக, பிடி உடைந்த பழைய வாளி.

“அது உங்களுக்கு” என்றார் அப்புத்துரையர். “ரெண்டும் ரெண்டு வகையெல்லோ. கலக்கக் கூடாது. படிச்ச டொக்டரே வாயால சொன்னவா.”

“டொக்டர் கொட்டிலைத் தள்ளிக் கட்டச் சொன்னவா.”

“அது பிறகு பார்ப்பம்.”

“வாளி ரெண்டு சரி. கிணறு ஒண்டுதானே, ஐயா?”

ஜோசப்பின் பழைய வாளியை எடுத்தாள், இறக்கினாள், குடத்தை நிரப்பினாள். பள்ளிக்கூடம்வரை நடக்கத் தேவையில்லை. வீட்டில் கொதிக்கவைக்க விறகு இருந்தது.

திரும்பிப் போகும்போது பார்த்தாள். கொட்டிலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த கன்று நீல வாளிக்குள் மூக்கை விட்டுத் துழாவிக் குடித்துக்கொண்டிருந்தது. அப்புத்துரையர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு அதே வாளியால் விதுசனுக்கு வாய் கழுவிவிட்டார்.