தங்கச்சி ஊர்க்காரர்கள் தோற்க வேண்டிக்கொண்டது

எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு நகையைப் பார்த்தோ, ஓரகத்தி கட்டிய மாடியைப் பார்த்தோ வந்ததில்லை. எனக்குப் பொறாமை ஒரு விளையாட்டு மைதானத்தின் மேல். அதுவும் நான் நேரில் பார்த்தே இராத, ஆஸ்திரேலியாவில் எங்கேயோ கோதுமை வயல்களுக்கு நடுவில் கிடக்கிற ஒரு மைதானம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

தென்காசியில் வீட்டு முன் அறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். என் தங்கச்சி அந்தக் கோதுமை ஊரில் முதியோர் இல்லத்து நர்ஸ். போன புதிதில் வருஷா வருஷம் ஆனி, ஆடியில் லீவு எடுத்து வந்துவிடுவாள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற காலம் அது. விடிந்தும் விடியாமல் ஐந்தருவிக்குப் போய் பெண்கள் பக்கம் இடம் பிடிப்போம். தண்ணீர் தலையில் இடிக்கிறபோது ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொள்வோம். என் கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான் போய் நின்றோம். எனக்கு சீசன் என்றால் அவள் கைதான்.

அவள் மகன் பத்து வயதில் அங்கே கால்பந்து கிளப்பில் சேர்ந்தான். அன்றோடு போயிற்று. நமக்குச் சாரல் காலம் அவர்களுக்குக் குளிர்காலம், குளிர்காலம் முழுக்க அங்கே சனிக்கிழமைதோறும் மேட்ச். தை பிறந்த பிறகுதான் வர முடிந்தது. அப்போது அருவி நூல் மாதிரி விழும். இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

கால்பந்து என்றால் நாம் நினைக்கிற கால்பந்து இல்லை. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், வைத்துக்கொண்டு ஓடலாம். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையில் போனால் ஆறு பாயிண்ட், கம்பத்தில் பட்டால் ஒன்றே ஒன்று. அங்கே ஒரு ஆள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை உடுத்தி நின்று, பாயிண்ட் விழுந்தால் கொடியை ஆட்டுவார். மைதானத்தைச் சுற்றிக் காரை நிறுத்திக்கொண்டு, கிழவர்கள் உள்ளேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். பந்து உள்ளே போனால் எல்லாரும் ஹார்ன் அடிப்பார்கள். அவர்கள் மேட்ச் மத்தியானம் என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. தங்கச்சி போனைக் கேன்டீன் ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள், நான் இங்கே மிஷினில் சாய்த்து வைத்துக்கொண்டு தைப்பேன்.

ஊர் என்று சொல்வதற்கு அங்கே ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், தானியக் கிடங்கு, இந்த மைதானம், அவ்வளவுதான். முதல் இரண்டு வருஷம் தங்கச்சியிடம் யாரும் பேசவில்லை. போனில் அழுவாள். நான் தேற்றுவேன். உண்மையைச் சொன்னால், அவள் அழுததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. எப்படியும் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மகன் கிளப்பில் சேர்ந்ததும் அவளைக் கேன்டீனுக்கு இழுத்துவிட்டார்கள். இடைவேளையில் விளையாடுகிறவர்களுக்கு ஆரஞ்சு வெட்டிக் கொடுக்கிற வேலை. அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது, கிளப்புக்காரர்கள் முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார்களாம், வாசல் புல்லைக்கூட வெட்டினார்களாம். "நல்ல மனுசங்கக்கா" என்றாள். ஆமா ஆமா என்றேன். என் வயிறு எரிந்தது. நான் செய்ய வேண்டியதை எவனெவனோ செய்திருக்கிறான்.

அதைவிட எரிச்சல் வேறு ஒன்று.

"இங்கன ஒரு அக்கா இருக்காவ. கேன்டீன் மொத்தமும் அவுக கைலதான்."

"அக்கான்னு சொல்லாதட்டி. பேரச் சொல்லு."

"வயசுல மூத்தவுகள எப்படிக்கா பேரு சொல்ல? இங்க எல்லாரும் பேருதான் சொல்லுதாவ. எனக்கு வாய் வரல."

ஊர் விட்டு ஊர் போனாலும் மரியாதை மறக்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என்று கூப்பிட இங்கே ஒருத்தி இல்லையா? அன்று முதல் நான் அந்த அம்மாவைக் கேன்டீன்காரி என்றுதான் சொல்வேன். தக்காளிப் பழம் மாதிரி சிவந்த முகம், வெட்டிவிட்ட நரை முடி. வீடியோவில் என்னைப் பார்த்தால் கரண்டியைத் தூக்கி ஆட்டுவாள். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

போன வருஷம் கேன்டீனுக்கு ஏப்ரன் தைத்து அனுப்பச் சொன்னாள் தங்கச்சி. கிளப் நிறம் என்னவென்று சொன்னால் வம்பு, இங்கே ஒரு கட்சிக் கொடியின் நிறம் அது. பன்னிரண்டு ஏப்ரனைக் கொடியில் காயப்போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா கட்சியில சேந்தாச்சா?" என்று தெருவே கேட்டது. பதினோரு ஏப்ரனை ஒழுங்காகத் தைத்தேன். அளவு தனியாக வந்திருந்த கேன்டீன்காரியுடையதில் மட்டும் நாடாவை ஒரு சாண் குறைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வீடியோவில் பார்க்கிறேன், நாடா எட்டாத இடத்தில் ஒரு பழைய பூட்ஸ் கயிற்றை முடிந்து கட்டிக்கொண்டு நிற்கிறாள். என்னிடம் திரும்பி நின்று முடிச்சைக் காட்டிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. தங்கச்சி முந்தின நாள் விருந்தாளி மாதிரி வந்து இறங்கினால் எனக்குப் போதாது. பத்து நாள் முன்னாலேயே வர வேண்டும். பந்தக்காலுக்கு நிற்க வேண்டும், முறுக்கு சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வம்பளக்க வேண்டும், சாரல் நிற்பதற்குள் என்னோடு அருவியில் நிற்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

"பாக்கலாம்க்கா. இந்த வருசம் நம்ம டீம் செமி ஃபைனல் வந்துட்டு. தோத்தா அதோட முடிஞ்சுது. செயிச்சா இன்னும் ரெண்டு சனிக்கெழமை இருக்கு. ஃபைனல் முடிஞ்சு மறுநாள் ஏறினாக்கூட கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்துருவேன்."

நம்ம டீம்! போனை வைத்துவிட்டு ஒரு ரவிக்கைக்கு இரண்டு தடவை ஒரே கையைத் தைத்துப் பிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பண்பொழிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்து மலைக்குப் போனேன். திருமலைக் குமாரசாமியிடம் நான் இதுவரை கெட்டது கேட்டதில்லை. அன்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "என் தங்கச்சி ஊர்க்காரங்க சனிக்கிழமை தோத்துரணும். அவ எனக்கு வந்துரணும். வந்ததும் கீழருந்து மேல வரைக்கும் படிக்குப் படி மஞ்ச குங்குமம் வச்சுச் சூடம் ஏத்துதேன்." பக்கத்தில் ஒருத்தி குழந்தை வரம் கேட்டுக் கண்ணை மூடி நின்றிருந்தாள். நான் அவளைவிட உருக்கமாக நின்றேன்.

இறங்கி வந்து பையைத் திறந்தால், போனில் தங்கச்சியின் மூன்று மிஸ்டு கால், ஒரு வாய்ஸ் மெசேஜ். செமி ஃபைனல் புராணமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை. வீம்பு என்றால் எனக்கு அப்படி ஒரு வீம்பு.

சனிக்கிழமை நான் ஒரு தையல்கூடத் தைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் அவர்கள் மூன்று பாயிண்ட் குறைவு. இப்போது பெரியவர்கள் டீமில் ஆடுகிற தங்கச்சி மகன் கைக்குப் பந்து வந்து, அவன் அதைப் பிடித்ததும் ஆட்டம் முடிகிற சங்கு ஊதிவிட்டது. ஊதினாலும் பிடித்தவன் ஒரு உதை உதைக்கலாமாம். கார் ஹார்ன் எல்லாம் நின்றுபோனது. தங்கச்சி ஆரஞ்சு வெட்டின கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டது.

"முருகா!" என்று நான் கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்தப் பிள்ளை இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். யாரோ இடித்து போன் சாய்ந்தது. அதற்குப் பிறகு தெரிந்ததெல்லாம் ஆரஞ்சுத் தோல்தான்.

மறுநாள் தங்கச்சி கூப்பிட்டாள். "செவ்வாக்கெழமை ஏறுதேன்க்கா. இவுகளும் பையனும் கல்யாணத்துக்கு முந்தி வருவாவ." பார்த்தாயா என்று முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வந்தாள். ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் நன்றாகவே இடித்தது, கையைப் பிடித்துக்கொண்டோம். அவள் பிடி இறுகியிருந்தது, எவ்வளவு பாத்திரம் தூக்கினாளோ. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வெள்ளிக்கிழமை நேர்த்திக்கடன் என்றதும், "தனியாவா குனிஞ்சு எந்திரிப்ப? நான் மஞ்ச வைக்கேன், நீ குங்குமம் வையி" என்று கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதனால் சரி என்றேன்.

முன்னால் அவள் மஞ்சளைக் குழைத்து வைக்க, பின்னால் நான் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றிக்கொண்டு ஏறினோம். பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் நின்றாள்.

"எதுக்குக்கா நேந்த?"

"நீ சீக்கிரம் வரணும்னுதான்."

பாதி உண்மை.

"அதுக்கா இம்புட்டுப் படி? நான்தான் செமி ஃபைனலுக்கு முந்தியே டிக்கெட் போட்டுட்டேனே. வியாழக்கெழமை உனக்கு வாய்ஸ் மெசேஜ்கூடப் போட்டேன். நீ பதிலே போடல. கல்யாண வேலைல கெடப்பன்னு நெனச்சேன்."

நான் விரல் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த படிக்குக் குனிந்தாள். குனிந்தபடியே பேசினாள்.

"பையன் இன்னும் ரூமை விட்டு வெளிய வரலக்கா. அந்த ஊரு செயிச்சு ரொம்ப வருசம் ஆச்சு. வெளையாட ஆள் சேரல, கிளப்பப் பக்கத்து ஊரோட சேத்துருவாவளோன்னு எல்லாரும் பயந்து போய்க் கெடந்தாவ. இந்த வருசம் ஃபைனல் வந்தா நாலு பேரு வந்து சேருவாவன்னு இருந்தோம். அவன் பந்த வச்சுகிட்டு நிக்கும்போது நானும் இந்த முருகனத்தான் கூப்பிட்டேன். அம்புட்டு தூரம் கேக்கல போலுக்கு."

கேட்டிருக்கும். ஆனால் இரண்டு நாள் முன்னாலேயே நான் வந்து முருகன் காதைப் பிடித்துக்கொண்டேனே. மிச்சப் படி முழுக்கக் குங்குமத்தை மஞ்சள் மேல் வைக்காமல் தப்பித் தப்பி வைத்தேன். இடுப்பு வலி என்று அவள் நினைத்திருப்பாள்.

மேலே சன்னிதியில் அவள் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து மகன் பெயர் சொன்னாள், என் மகள் பெயர் சொன்னாள். மூன்றாவதாகக் கேன்டீன்காரி பெயரைச் சொல்லி, "நட்சத்திரம் தெரியாது சாமி" என்றாள். குருக்கள் பெயரை மறுபடி கேட்டு, தட்டுத் தடுமாறிச் சொன்னார். நான் நேர்ந்த நேர்ச்சை, என் மலை, அங்கேயும் வந்துவிட்டாளே என்று எனக்கு அந்த நிலையிலும் எரிந்தது.

தங்கச்சி பிரசாதம் வாங்கப் போயிருந்தாள். நான் தூண் ஓரமாக உட்கார்ந்து போனை எடுத்தேன். அந்த வாய்ஸ் மெசேஜ் கேட்கப்படாமல் அப்படியே இருந்தது. காதில் வைத்தேன். தட்டு கழுவுகிற சத்தம், நிறையப் பேர் பேசுகிற சத்தம். அதற்கு நடுவில் தங்கச்சி.

"அக்கா, டிக்கெட் போட்டாச்சு. செவ்வாக்கெழமை ஏறுதேன். செயிச்சாலும் தோத்தாலும் ஏறுதேன். ஃபைனல் அன்னைக்கு நான் இங்கன இருக்க மாட்டேன். கேன்டீன அக்கா பாத்துக்கிடுதாவளாம், என்னைப் போ போன்னு வெரட்டுதாவ. இந்தா, உங்கிட்ட என்னமோ சொல்லணுமாம், ஒரு மணி நேரமா எங்கிட்ட கேட்டுப் படிச்சாவ."

அப்புறம் ஒரு கட்டைக் குரல். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி. "அக்கா. கல்யாணம். சந்தோஷம்." பின்னால் கூட்டமே சிரித்துக் கை தட்டியது.

அவளுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். என்னை அக்கா என்கிறாள். என் தங்கச்சியை ஃபைனலை விட்டு அனுப்ப அவளுக்கு மனசு வந்திருக்கிறது. நான் ஒரு மேட்சைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இதிலும் அவளே முந்திக்கொண்டாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

தங்கச்சி வந்து "போவோமா?" என்றாள். ஒரு நிமிஷம் இரு என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனேன். அடுத்த வருஷம் அவர்கள் ஃபைனலுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். போனால் அடுத்த சாரலுக்கு அவள் வர மாட்டாள், தெரிந்துதான் கேட்டேன். ஃபைனல் வரைக்கும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜெயிக்கட்டும் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.