பால்கனித் தூண்களுக்கு நடுவே என் மகள்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையைப் பார்த்த மாடி வீட்டுக்கு நாங்கள் புதிதாகக் குடிபோயிருந்தோம். பால்கனி ஓரம் முழுக்க, அடி பெருத்து மேலே ஒடுங்கிய குடுவை வடிவச் சிமெண்ட் தூண்கள். அந்த அழகுக்காகவே எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது.

பௌர்ணமி அன்று காலை, கீழே போன பலூன்காரரைப் பார்க்க என் இரண்டு வயது மகள் யாழினி தூண்களுக்கு நடுவே தலையை விட்டிருக்கிறாள். அலறல் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். கழுத்து சிக்கி, குழந்தை முட்டி போட்டிருந்தாள்.

என் கணவர் பின்னாலிருந்து இழுத்தார். காதுகள் மடங்கிச் சிவந்தனவே தவிர, தலை வரவில்லை.

"வரமாட்டேங்குது! கீழ போய் யார்கிட்டயாவது சுத்தியல் வாங்கிட்டு வா!" என்று கத்தினார்.

தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். குழந்தையின் அழுகை நின்றுபோயிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். கழுத்து சிக்கியிருந்தது தூண்களின் பெருத்த பகுதியில். அதற்கு மேலே இடைவெளி அகலமாக இருந்தது. நின்றபடி தலையை நுழைத்தவள், கால் மடங்கிக் கீழே சரிந்திருக்கிறாள்!

"இழுக்காதீங்க! அப்படியே மேல தூக்குங்க!" என்று அலறினேன்.

தூக்கினார். தலை தானாக வெளியே வந்தது. குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அன்றே தூண்களின் உள்பக்கம் கம்பி வலை கட்டிவிட்டோம். பார்க்க நன்றாக இல்லைதான். இப்போதெல்லாம் மகளோடு எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரும் முன் பால்கனியைப் பார்த்துவிட்டு வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.