சென்னையா கோவையா என்று கேட்ட படகு

கைக்குழந்தையை எந்த ஊரில் வளர்ப்பது என்று பழவேற்காட்டுப் படகுக்காரரிடம் யோசனை கேட்ட முட்டாள் நான். கோவை என்றால் என் அம்மா முகம் வாடும், சென்னை என்றால் மனைவி முகம்.

வெயிலில் செம்பட்டையான மீசை அவருக்கு. பேசவேண்டுமென்றால் முதலில் இன்ஜினை அணைத்துவிடுவார். அன்றும் அணைத்தார். படகு ஏரியில் சும்மா மிதந்தது.

“இன்னா சார், சீட்டு போடு. யாரு எங்க வலை போடறதுன்னு நாங்க அப்டித்தான் முடிவு பண்றோம்.”

“மீனே இல்லாத இடம் விழுந்தா?”

“யாரையும் திட்ட முடியாது சார். அதான் நிம்மதி.”

வீட்டில் சீட்டுப் போட்டோம்; சென்னை விழுந்தது. மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். இன்ஜின் நின்ற அந்த அமைதி மட்டும் எனக்கு அப்புறம் எங்கும் கிடைக்கவில்லை. இதையும் படகுக்காரர் சொன்ன நிம்மதியையும் போனவாரம் மனைவியிடம் உருகிச் சொன்னேன்.

“வெறுங்கையோட வீட்டுக்குப் போனா அவர் சம்சாரம் யாரைத் திட்டுவாங்கன்னு கேட்டீங்களா?” என்றாள்.