மேலூர் பாதையில் பட்டாம்பூச்சிகளுக்காக ஓடிய காலை

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர்ப் பக்கம் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகிறோம், காலையில் அங்கே ஓடுவதற்குப் பாதை நன்றாக இருக்குமா என்று. இருக்கும். ஆனால் அந்தப் பாதை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது பூங்கா அல்ல. அது வருவதற்குப் பல வருஷம் முன்பு, 1985 ஜனவரியில், பொங்கல் கழிந்த சனிக்கிழமை அங்கே ஓடிய ஓட்டம்தான். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் புதுக்கோட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். தினமும் ஓடுகிற பழக்கம் உண்டு. என் அக்காவின் தோழி பிலோமினா திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தார். "பட்டாம்பூச்சி, தேனீ எல்லாம் குறைஞ்சுக்கிட்டே வருது. கூட்டம் போட்டா யாரும் வர்றதில்ல. ஓடிக்கிட்டே அங்கங்க நின்னு சொல்லலாம்னு இருக்கோம், நீயும் வா" என்றார். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் தங்கினேன். வாடகை பதினைந்து ரூபாய், கொசு இலவசம்.

விடியற்காலை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினோம். பெரும்பாலும் மாணவர்கள், கொஞ்சம் ஆசிரியர்கள், பொன்மலையிலிருந்து இரண்டு ரயில்வே தொழிலாளிகள். எல்லோர் முதுகிலும் இறக்கை மாதிரி மஞ்சள் துணி.

"எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் சார்?" என்றார் கண்டக்டர்.

"கோயிலுக்கு இல்லீங்க, பட்டாம்பூச்சிக்காக ஓடுறோம்."

"சரி, பாத்துப் போங்க. ஆத்தோரம் பனி ஜாஸ்தியா இருக்கு" என்று அவர் டிக்கெட்டைக் கிழித்தார்.

ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து மேற்கே ஓட ஆரம்பித்தோம். போகவேண்டியது எட்டு கிலோமீட்டர். வீடுகள் முடிந்து வாழைத்தோப்புகள் தொடங்கியதும் பனி மூடிக்கொண்டது. முன்னால் ஓடுபவரின் உடம்பு தெரியவில்லை. மஞ்சள் துணி மட்டும் தனியாக எழும்பி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பேச்சு தானாக நின்றுவிட்டது.

மேலூரைத் தாண்டியதும் பிலோமினா அக்கா ஓட்டத்தைக் குறைத்தார். "ஏதாவது சத்தம் கேக்குதா?"

நின்று கேட்டேன். தண்ணீர் ஓடும் வாய்க்கால், இரண்டு பக்கமும் தோட்டம், விடியும் நேரம். தவளை இல்லை, கரிச்சான் குருவி இல்லை, ஒரு பூச்சியின் ரீங்காரம்கூட இல்லை. காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தல். அதன் கீழே ஏழெட்டுப் பெண்கள், முகத்தை மேலே தூக்கி, கையை உயர்த்தி நின்றார்கள். யாரும் பேசவில்லை. ஓர் அடி நகர்வார்கள், மேலே எதையோ தொடுவார்கள், மறுபடி ஓர் அடி. ஏதோ சடங்கு நடக்கிறது, நாம் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அக்கா நேராக உள்ளே போய்விட்டார்.

பாகல் பந்தல் அது. ஒவ்வொருத்தி கையிலும் இதழ் கிள்ளிய ஓர் ஆண் பூ. அதன் மகரந்தம் ஒட்டும்படி, பிஞ்சு வைத்த பெண் பூவில் தொட்டுத் தொட்டு நகர்ந்தார்கள். தோட்டக்காரி செல்லம்மாள் எங்கள் மஞ்சள் துணியைப் பார்த்து மிரளவில்லை. களைத்திருந்தார்.

"ரெண்டு வருஷமா வண்டு வரலைங்க. பிஞ்சு வெம்பி வெம்பி விழுது. அதான் நாங்களே வண்டா இருக்கோம். வெயில் ஏறுனா பூ மூடிக்கும்."

மூச்சு வாங்க வேலியோரம் சாய்ந்தேன். அங்கே கிலுகிலுப்பைச் செடிகள், அவற்றில் முழுக்கக் காய்ந்த இலைகள் தொங்கின. என் மூச்சுக்காற்று பட்ட ஓர் இலை மெதுவாகப் பிளந்தது. உள்ளே கறுப்பு, அதில் வெளிர்நீலத் திட்டுகள். பக்கத்து இலையும் பிளந்தது. சட்டென்று விலகிப் பார்த்தேன். வேலி நீளத்துக்கும் தொங்கியவை இலைகளே அல்ல. குளிரில் பறக்க முடியாமல் ஒன்றை ஒன்று ஒட்டித் தொங்கிய பட்டாம்பூச்சிகள்.

அந்த நேரம் வேலியின் மறு கோடியிலிருந்து கர்... கர்... என்று சத்தம் வந்தது. பனிக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். முகத்தில் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை, மார்பில் கைப்பிடியைச் சுற்றிப் பூச்சிமருந்துத் தூள் அடிக்கிற மிஷின். செல்லம்மாளின் கணவர் பெரியசாமி. அவர் நடந்து வந்த வரப்பில் கறுப்பாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

அக்கா அவருக்கும் வேலிக்கும் நடுவில் போய் நின்றார். "ஐயா, அடிக்காதீங்க. இதுங்க ரொம்ப தூரத்துலேருந்து வந்து தங்கியிருக்கு."

"புழு வைக்கும் டீச்சர். கத்திரி பூரா போச்சு."

"அந்தப் புழு இதுங்களோடது இல்லீங்க."

"சரி, இதுங்க வந்தா என் பாகல் காய்க்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது பேரும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தோம். அக்கா, "இல்லீங்க. பாகலுக்குத் தேனீதான் வேணும். ஆனா இந்தத் தூளு ரெண்டையும் கொல்லும்" என்றார்.

பெரியசாமி கைப்பிடியை மறுபடி பிடித்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கை நடுங்கியது. குளிர் நடுக்கம் இல்லை. கைப்பிடி நழுவிய பிறகும் விரல்கள் அந்தரத்தில் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தன.

செல்லம்மாள் பந்தலிலிருந்து வந்தார். "இவரால பூவைத் தொட முடியாது டீச்சர், காம்பு ஒடிஞ்சிரும். தூங்கும்போதும் கை நிக்கறதில்ல" என்றார். பிறகு கணவரிடம் தணிந்த குரலில், "வண்டு நின்னதும் இதாலதான், உங்க கை நிக்காததும் இதாலதான். எனக்கு ரொம்ப நாளாத் தெரியுங்க. இறக்குங்க" என்றார்.

செல்லம்மாளே மிஷின் வாரை அவிழ்த்தார். பெரியசாமி தடுக்கவில்லை. குழந்தைக்குச் சட்டை கழற்றும்போது நிற்பது மாதிரி நின்றார்.

அதற்குப் பிறகு ஓட்டம் நடக்கவில்லை. யாரும் சொல்லாமலே மாணவர்கள் ஆளுக்கொரு பூவுடன் பந்தலுக்குள் இறங்கினார்கள். மெல்லிய பனியில் மஞ்சள் இறக்கைகள் பூவுக்குப் பூ நகர்ந்தன. நானும் தொட்டேன். எட்டு மணிக்கு வெயில் வந்தது. வேலி முதலில் துடித்தது. பிறகு அப்படியே கழன்று வானத்துக்குப் போனது. ஒரு சத்தமும் இல்லை. தூள் பட்ட பக்கம் மட்டும் அசையவில்லை. அந்தத் தூளால் இரண்டு நாள் என் நாக்கு மரத்திருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழை முடிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். பனி விலகும் முன் வேகமாக ஓடாதீர்கள், வாய்க்கால் ஓரம் வழுக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மருந்து நாற்றம் அடித்தால் வீரம் காட்டாமல் திரும்பிவிடுங்கள்.

மறு வருஷமும் ஓடினோம். பெரியசாமி வரப்பில் உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம் குறையவில்லை, இனிக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தேனீ வந்ததா என்று அக்கா கேட்டார். செல்லம்மாள் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் வருதுங்க. பாதி நாங்க தொட்டது, பாதி அதுங்க தொட்டது. எது யாரு தொட்டுக் காய்ச்சதுன்னு சொல்ல முடியல."