ஒரு ஸ்வெட்டர், இரண்டு பேர்

மருந்துக்கு அடங்காத படர்தாமரையில் பிடிவாதம் யாருக்கு அதிகம், பூஞ்சைக்கா, கணவருக்கா? எனக்குத் தெரியவில்லை.

இன்று வடகவுஞ்சி மலை பஸ்ஸில் என் பக்கத்தில் செல்வி, எங்களுக்குப் பூண்டு தருபவள். பின்சீட்டில் அவள் கணவர்.

மருந்துக்கடை கிரீமைப் பூசிப் பூசி அவளுக்கு இடுப்பிலிருந்த அரிப்பு முதுகுக்கு ஏறிவிட்டது. தோல் டாக்டர் கிரீமை நிறுத்தி மாத்திரை தந்து, கணவரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

“வரமாட்டேங்கிறாருக்கா. இப்படியே விட்டா எந்த மருந்தும் கேக்காதாம்.”

“எனக்கென்ன? குளிருக்குச் சொறியிறேன்,” என்றார் அவர். போட்டிருந்தது பூப்போட்ட பெண்கள் ஸ்வெட்டர்.

யாருடையது என்று கேட்டேன்.

“என்னோடதுதான். வெள்ளனே தண்ணி பாய்ச்ச அவரு போடுவாரு, அப்புறம் நான். இன்னொண்ணு காயாமக் கெடக்கு. டாக்டரு துண்டைத்தான தனியா வைக்கச் சொன்னாரு?”

கண்டக்டர் சிரிக்காமல் சொன்னார்: “அண்ணே, வெரசா டாக்டரப் பாருங்க. நீங்க பிடிச்ச கம்பியத்தான் நானும் பிடிக்கணும்.”

பஸ்ஸே சிரித்தது. செல்வியின் கணவர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சேர்த்தது: இருவரும் டாக்டரிடம் போய்வந்தார்கள். அவருக்கும் மாத்திரை. ஸ்வெட்டர் வெந்நீரில் ஊறுகிறது. அது காயும்வரை குளிருக்கு இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டிருப்பதாகச் செல்வி போனில் சொன்னாள்.

கம்பளியும் ஸ்வெட்டர் மாதிரிதான் என்று யாராவது அவர்களிடம் சொல்லுங்கள். எனக்கு மனம் வரவில்லை.