உவள் எழுத்துப்பிழை அல்ல

என் அக்காவின் மகள் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். விரைவில் வரப்போகிறது. இளம் பிள்ளைகளுக்கான நாவல். சமூக வலைத்தளங்கள் நாளைக்கு எங்களை என்ன செய்து வைக்கும் என்பதுதான் விஷயம்.

இப்படிப்பட்ட விஷயம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். பரிசளிப்பு விழா மேடையில் ஏறி, போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று அறுப்பார்கள். இறங்கியதும் தாங்கள் பேசிய படத்தைத் தாங்களே ஏற்றிவிட்டு, யார் விருப்பம் போட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அதற்கே இவளைக் கும்பிடலாம்.

கதை வருங்காலத்துப் பருத்தித்துறையில் நடக்கிறது. ஒரு பெண்ணின் சிநேகிதி வெளிநாடு போய், மெல்ல மெல்லக் கதைப்பதை விட்டுவிடுகிறாள். அவளுடைய கணக்கு மட்டும் விடவில்லை. பழைய பதிவுகளையும் குரலையும் வைத்து இயந்திரமே அவளைப்போலக் கதைக்கிறது, சிரிக்கிறது, கோபித்துக்கொள்கிறது. கதாநாயகி உண்மையான சிநேகிதியை ‘அவள்’ என்கிறாள். போனுக்குள் இருப்பதை ‘உவள்’ என்கிறாள்.

எங்கள் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவள் இவள். எட்டத்தில் இருப்பவள் அவள். இரண்டுக்கும் நடுவில், கேட்பவர் பக்கமாக நிற்பவள் உவள். கொஞ்சம் பிடிக்காதவளும் உவள்தான். ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகி வாய் தவறிப் போனுக்குள் இருப்பவளை ‘அவள்’ என்று சொல்லிவிடுகிறாள். ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. போனைப் பற்றி ஆயிரம் பேர் மேடையில் கத்தியும் சொல்லாததை இந்தப் பிள்ளை ஓர் எழுத்தில் சொல்லிவிட்டாள்.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து, அச்சுக்கு முன் பார்த்துத் திருத்தச் சொல்லி மெய்ப்பு வந்தது. இவள் கொக்குவிலில் என் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போகிறாள். சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து பார்த்தோம். ஓர் உவளைக்கூடக் காணோம். எல்லாம் அவள். யார் மனுசி, யார் இயந்திரம் என்று ஒருவருக்கும் விளங்காது. ஏழாம் அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

“போனைத் தா, நான் கதைக்கிறன். உவங்களுக்கு நல்லாய்க் குடுக்க வேணும்” என்றேன்.

“சின்னம்மா, நீங்கள் வாயைத் திறந்தால் புத்தகமே வராது. தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

பதிப்பாசிரியரை அழைத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“எழுத்துப்பிழை நெறைய இருந்துச்சும்மா” என்றார் அவர். “அ வர்ற இடத்துல உ விழுந்திருக்கு. மொத்தமா மாத்திட்டோம்.”

“பிழை இல்லை, சேர். உவள் எண்டு ஒரு சொல் இருக்குது.”

“இங்க யாருக்கும் புரியாதே. வேணும்னா பின்னாடி அருஞ்சொற்பொருள் போட்டுடலாம்.”

“முதல் அத்தியாயத்திலையே விளங்கும். நீங்கள் வாசிச்சனீங்களோ?”

விடாதே என்று மேசைக்குக் கீழே இவளுடைய காலை இடித்தேன்.

“அச்சுக்குப் போற நேரம்மா. இப்படியே விட்டா அடுத்த மாசம் வந்துடும். இல்லேன்னா எப்பன்னு சொல்ல முடியாது.”

வருடக்கணக்காக எழுதியது. முதல் புத்தகம். வேறு பதிப்பகங்கள் பதில்கூடப் போடவில்லை.

“அப்ப வேண்டாம், சேர்” என்றாள். “உவள் இல்லாட்டி உது என்ரை கதை இல்லை. திருப்பித் தாங்கோ.”

போனை வைத்ததும் கேட்டேன்: “எடி, உனக்கென்ன விசரோ?”

“நீங்கள்தானே காலாலை உதைச்சனீங்கள்?”

“கேள்வி கேள் எண்டுதான் உதைச்சனான். புத்தகத்தைத் திருப்பிக் கேள் எண்டில்லை.”

சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அடுத்த கிழமை பதிப்பாசிரியரே போன் எடுத்தார். இவள் முதலில் அனுப்பிய கோப்பைத் திறந்து வாசித்தாராம்.

“ஏழாவது அத்தியாயத்துல அப்படியே நின்னுட்டேன்மா” என்றார். “மன்னிச்சிடுங்க. மொத்தமா மாத்தினது தப்பு. உங்க பிரதியையே வச்சு மறுபடி அச்சு கோக்கறோம். கொஞ்சம் தாமதமாகும்.”

“ஆகட்டும், சேர்” என்றாள்.

இப்போது காத்திருக்கிறோம். புத்தகம் எங்கே, எங்கே என்று சொந்தக்காரர் நச்சரிக்கிறார்கள். வரும், பொறுங்கள் என்று எரிந்து விழுகிறேன். வந்த அன்று ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பேன். ஓர் உவள் குறைந்திருந்தாலும், அந்த முறை சென்னைக்கு நான்தான் கதைப்பேன்.