ராக்கெட்டக்காவின் முன் பிரேக்

தெருவில் அவளுக்கு ராக்கெட்டக்கா என்று பெயர். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறாள். வேகம் ஒருநாளும் நாற்பதைத் தாண்டியதில்லை. அதனாலென்ன, ஊர் வாயை மூட முடியுமா? தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மூட்டையாகக் கட்டிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினால் இன்னமும் நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன மாதம் மணலில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு பிசகியது. கட்டு அவிழ்த்த அன்றே அண்ணன் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அவருக்கு அதைக் கண்டால் ஆகாது. இப்போது வண்டியை விடச் சொல்ல நல்ல சாக்கு கிடைத்தது. மெக்கானிக்கும் அவர் கட்சி. விழுந்த வண்டியைக் கழற்றி மாட்டியவன் அவன்தான். அதற்கப்புறம் முன் பிரேக் பிடிக்கவே இல்லை. லீவரை அழுத்தினால் பஞ்சு மாதிரி கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொள்கிறது.

"பிரேக் சிலிண்டர் போச்சுக்கா. இதுக்கெல்லாம் இப்ப சாமான் கிடைக்காது. எங்கிட்டயே குடுத்துடுங்க" என்றான். வண்டிமேல் அவனுக்கு ஒரு கண்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பிரேக் பிடிக்கலேன்னா சாவிய நானே குடுத்துடறேன்" என்று வாயை விட்டுவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அது அவள் சுபாவம்.

ஞாயிறு காலையில், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, டேங்கின்மேல் வெட்டுத்துணியைப் போர்த்தினாள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் போய்விடும். ஆயிலுக்குள் காற்று புகுந்தால் லீவர் இப்படித்தான் பஞ்சாகும், அதை வெளியேற்ற வேண்டும். சக்கரத்தருகே பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் சின்ன நிப்பிளில் பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையை ஆயில் பாட்டிலில் முக்கினாள். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, அப்புறம்தான் லீவரை விட வேண்டும்.

"ரெண்டு பேர் வேலைண்ணே. லீவர மட்டும் பிடிங்களேன்."

"நான் தொடமாட்டேன்."

"சரி, வேடிக்கையாவது ஒழுங்கா பாருங்க."

வலது கையில் லீவர், இடது கையில் ஸ்பேனர். ஒவ்வொரு திருப்புக்கும் மணிக்கட்டில் உயிர் போனது. பாட்டில் பாதி நிறைந்தது, ஆயில் ஒரு குமிழிகூட இல்லாமல் சுத்தமாக வந்தது, லீவர் மட்டும் அதே பஞ்சு. மத்தியானம் அண்ணன் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்கு அழுகை முட்டியது. இவர் முன்னால் அழுவதா என்று தரையில் குப்புறப் படுத்துக் காலிப்பரைக் கீழிருந்து பார்த்தாள்.

நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயில் வரும் டியூப் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

"தலைகீழா மாட்டி வச்சிருக்கான் படுபாவி! காத்து மேல நிக்குது, வழி கீழ இருக்கு. எப்படி வெளிய வரும்?"

இரண்டு போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரைத் திருப்பி மாட்டினாள். டியூபின் முறுக்கும் போயிற்று. மறுபடி லீவர், ஸ்பேனர். குழாயில் குமிழிகள் வரிசைகட்டி வந்தன. கடைசிக் குமிழியும் போனதும் லீவர் பாதியிலேயே கல்லாக நின்றது. வண்டியைத் தள்ளித் தள்ளி மூன்று தடவை பிடித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் முன்பக்கம் அமுங்கி நின்றது.

ஸ்டார்ட் செய்தபோது அண்ணன் எழுந்துபோய் கேட்டை மறித்து நின்றார்.

"பிரேக் பிடிச்சா மட்டும் ஆச்சா? உன்னை வெளிய விடமாட்டேன்."

"தள்ளிக்குங்க."

"மாட்டேன்."

முதல் கியரில் நேரே அவரைப் பார்த்து வந்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய செருப்புக்கு ஒரு சாண் முன்னால் சக்கரம் நின்றது.

"கண்ணத் திறங்க. முப்பத்திரண்டு வருஷமா மறிச்சுக்கிட்டே இருக்கீங்க, நான் ஒருநாளாவது நின்னிருக்கேனா? இப்பவும் உங்களுக்காக நிக்கலண்ணே. பிரேக் பிடிச்சிருக்கு, அதனால நிக்கிறேன்."

அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டார்.